பைய போ மக்கா!

நாகர்கோவில்காரர்கள் ஒருவரை வழியனுப்பும்போது டாட்டா காட்டுவார்கள், பை பை சொல்வார்கள். எல்லாம் முடிந்து வண்டி நகரும்போது ஜன்னல் பக்கம் குனிந்து ஒன்று சொல்வார்கள் பாருங்கள், அதுதான் அசல். ‘பைய போ மக்கா!’

பைய என்றால் மெதுவாக. என்னோடு ஒருமுறை வந்த சென்னை நண்பர் இதைக் கேட்டுவிட்டு, “பையை எடுத்துக்கச் சொல்றாங்க சார்” என்று சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார்.

ஊரின் பெயரிலேயே வேகம் கிடையாது. நாஞ்சில் என்றால் கலப்பை. மற்ற நாடுகளுக்கெல்லாம் மலை, ஆறு, ராஜா என்று கம்பீரமாகப் பெயர் இருக்க, மணிக்கு இரண்டு மூன்று கி.மீ. போகிற ஒரு சாதனத்தின் பெயரை வைத்துக்கொண்ட நாடு எங்களுடையது. கன்னியாகுமரி மாவட்டம் முழுவதையும் நாஞ்சில் நாடு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்காரர்கள் இதை லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கலப்பை அவர்களுடையதாம். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கமெல்லாம் ரப்பர், தென்னை, மரச்சீனிக் கிழங்கு. நமக்கெதற்கு அந்தத் தகராறு.

அப்பேர்ப்பட்ட கலப்பை நாட்டில் இன்று பார்த்தால் வீட்டுக்கு ஒரு கார். அதில் நாலு காருக்கு ஒன்று ‘ஸ்போர்ட்டி’யாம். சிவப்புக் கலர், கூரையின் பின்னால் ஒரு இறக்கை, சைலென்ஸரில் ஒரு உறுமல். வளைகுடாப் பணமோ, வங்கி லோனோ, எப்படியோ வந்துவிடுகிறது.

எனக்குத் தம்பி முறையான ஒருவரும் இந்த ஜாதிதான். திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை. 2022-ல் இந்தியாவில் வோக்ஸ்வேகன் போலோ விற்பனை நின்றுபோனதும் துக்கம் அனுஷ்டித்து, பிறகு ஒரு பழைய போலோ ஜி.டி.யைத் தேடிப்பிடித்து வாங்கினார். 1.2 லிட்டர் டர்போ என்ஜின், 105 குதிரை சக்தி, நின்ற இடத்திலிருந்து நூறு கி.மீ. வேகத்தைப் பத்து செகண்டுக்குள் தொடும். பெண் பார்த்துவிட்டு வந்தவர்போல இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வார்.

சொல்வதோடு நிற்கவில்லை. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் நம்மைப் போன்ற சாதாரண ஜனங்களும் சொந்தக் காரைக் கொண்டுபோய்ப் பணம் கட்டி ஓட்டும் நாட்கள் உண்டு. அப்படி ஒரு நாள் இந்தக் காரை அங்கே ஓட்டினார். நான் சுவரோரம் நின்று பார்த்தேன். கொஞ்ச நாள் கழித்து அதே காரில் காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போனோம். அதே டிரைவர், அதே என்ஜின். ஊர் ரோடும் ரேஸ் ரோடும் ஒரே வாரிசுக்கு உரிமை கொண்டாடும் இரண்டு குடும்பங்கள் மாதிரி இருந்தன. யாருக்குக் கார் சொந்தம் என்று பார்த்துவிடலாம்.

முதலில் ஊர்.

காவல்கிணற்றிலிருந்து நேராக நான்குவழிச் சாலையில் போனால் கன்னியாகுமரி பக்கம்தான். ஸ்ரீநகரில் கிளம்பி வரும் நெடுஞ்சாலை (பழைய 7, இப்போது 44) அப்படித்தான் போய்க் கடலில் முட்டி நிற்கிறது. நாங்கள் வலது பக்கம் திரும்பி முப்பந்தல், ஆரல்வாய்மொழி வழியாகப் போனோம். நாஞ்சில் நாட்டுக்கு வாசல் அதுதான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில் நுழைந்து அடிக்கிற காற்றுக்காகத்தான் அங்கே காற்றாலைகளைக் காடுபோல நட்டு வைத்திருக்கிறார்கள்.

“அண்ணே, ரோடு காலியா கெடக்கு பாத்தியளா? ஒரு மிதி மிதிக்கட்டா?”

“காத்து அடிக்கு மக்கா, பைய போ.”

ஆனி, ஆடி மாதங்களில் முப்பந்தலில் பக்கவாட்டுக் காற்று காரின் விலாவில் கை வைத்துத் தள்ளும். மெதுவாகப் போனால் தெரியாது. வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் லேசாகிவிட்ட மாதிரி இருக்கும். பெரிய லாரி ஒன்றை ஓவர்டேக் செய்கிற வரைக்கும் லாரி காற்றை மறைத்துக்கொண்டிருக்கும். அதன் மூக்கைத் தாண்டிய விநாடியில் காற்று ஒரே அறை அறையும். அந்த நேரம் ஸ்டீயரிங்கை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டு மாற்றிக்கொண்டிருந்தால் அடுத்த டிராக்கில் இருப்பீர்கள் (பாட்டில் இல்லை, ரோட்டில்).

தோவாளையில் பூ மார்க்கெட். விடியற்காலையிலேயே பிச்சியும் கேந்தியும் மூட்டை மூட்டையாக இறங்கும் இடம். இரண்டு ஆள் அகலத்துக்குப் பூ மூட்டை கட்டிய டி.வி.எஸ். 50-க்குப் பின்னால் எங்கள் 105 குதிரையும் அடக்க ஒடுக்கமாக நடந்து வந்தன. வாசனைக்குக் குறைவில்லை.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு செலவாகப் பார்க்கிற வியாதி உண்டு. சமதளத்தில் மணிக்கு ஐம்பது கி.மீ. வேகத்தில் ஒரு சின்னக் கார் சீராகப் போக ஐந்தாறு குதிரை போதும். மிச்சமுள்ள நூறு குதிரைகளும் முடங்கிய முதலீடு! ஐந்து பேர் செய்கிற வேலைக்கு நூற்றைந்து பேரைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிற ஆபீஸ். (உங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.)

வடசேரி, மணிமேடை, கோட்டாறு. இந்த மூன்றையும் தாண்ட எடுத்துக்கொண்ட நேரத்தில் டீ ஆறிவிட்டது. ஸ்போர்ட்டி காரின் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பானது, உடம்பும் தரையோடு ஒட்டினாற்போல இருக்கும். ரேஸ் வளைவில் அது வரம். எங்கள் ஊர் ஹம்பில் அது சாபம். ஒவ்வொரு வேகத்தடையிலும் தம்பி காரை மூலைவாட்டில் திருப்பி, மாமியாரைப் படியிறக்குகிற மாதிரி ஒரு சக்கரம், இன்னொரு சக்கரம் என்று இறக்குவார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் நேராக ஏறி நேராக இறங்கி எங்களைத் தாண்டிப் போனார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோட்டாறு தாண்டியதும் முன்னால் ஒரு பஸ். எதிரே கொஞ்ச தூரம் தெளிவாகத் தெரிகிறது. தம்பி மிதித்தார். ‘ஜிவ்’வென்று கார் பஸ்ஸைத் தாண்டி, எதிர் வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே தன் பக்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. சோப்ளாங்கி என்ஜின் என்றால் பஸ்ஸுக்குப் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தியிருக்கும். ஊர் ரோட்டில் பெர்ஃபார்மன்ஸ் என்பது இந்த நாலு செகண்ட்தான். நாற்பதிலிருந்து எழுபதுக்கு எத்தனை சீக்கிரம் போகிறது, எழுபதிலிருந்து பூஜ்யத்துக்கு எத்தனை சீக்கிரம் வருகிறது. உச்ச வேகம் எத்தனை என்பது விளம்பரப் புத்தகத்துக்கு.

சுசீந்திரத்தில் கொஞ்சம் நின்றோம். ரோட்டின் ஓரத்திலேயே பெரிய குளம், தாமரை, பறவைகள். சுசீந்திரம்–தேரூர் குளங்களுக்கு 2022-ல் ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. அழகுதான். ஆனால் டிரைவர் கண்ணால் பாருங்கள். மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் குளங்கள். வயலும் குளமும் முதலில் வந்தன, ரோடு பிறகு வந்தது. அதனால் ரோடு பல இடங்களில் குளத்தங்கரைமேல் குளம் எப்படி வளைகிறதோ அப்படி வளைந்து போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல் பள்ளம். வளைவில் வழுக்கினால் ரேஸ் டிராக்கில் சரளை மண் இருக்கும், இங்கே தாமரை இருக்கும்.

சுசீந்திரத்துக்குத் தேர் உண்டு. மார்கழியில் ஓடும். இந்த வட்டாரத்தில் தெருவில் நடக்கும் மிகப் பழைய மோட்டார் ஷோ என்று அதைத்தான் சொல்வேன் (மோட்டார் மட்டும் இல்லை). இழுக்க நூற்றுக்கணக்கில் ஆட்கள். அது பெரிய விஷயமில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் கையில் முட்டுக்கட்டையோடு கூடவே நடக்கிறார்களே சில பேர், அவர்கள்தான் தேரை ஓட்டுகிறவர்கள். எந்த விநாடியில் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும், எந்தப் பக்கம் கொடுத்தால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் அவர்கள் கையில். நமக்கோ முட்டுக்கட்டை என்பது திட்டுகிற வார்த்தையாகிவிட்டது.

டீ குடித்த நேரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டேன். காவல்கிணற்றிலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் நாற்பது கி.மீ., ஒன்றேகால் மணி நேரம். சராசரி 32. மேற்கே மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் போயிருந்தால் இதுவும் கிடையாது. சர் சி.பி. ராமசாமி ஐயர் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்தில் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரோட்டுக்கு சிமெண்ட் போட்டார்கள். அன்றைக்கு அது அதிசயம். இன்றைக்கு அதே தடத்தில் கேரளாவுக்கு ஜல்லியும் பாறைப்பொடியும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகளும், பள்ளிக்கூட வேன்களும், மீன் பெட்டி கட்டிய பைக்குகளும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு போகின்றன. 2018-ல் மார்த்தாண்டத்தில் இரண்டு கி.மீ.க்கு மேல் நீளமாக மேம்பாலம் கட்டினார்கள். ஊரை மேலே தாண்டிவிடலாம். தாண்டி இறங்கினால் அடுத்த ஊர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சதுர கி.மீ.க்கு 555 பேர். கன்னியாகுமரி மாவட்டத்தில் 1,111 பேர். சரியாக இரண்டு மடங்கு! ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று பஸ் கண்டக்டருக்கு மட்டும்தான் தெரியும்.

* * *

இப்போது இருங்காட்டுக்கோட்டை.

அதற்கு முன்னால் சோழவரம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் ‘சோழவரம்’ என்று சொல்லிப் பாருங்கள், கண் மின்னும். இரண்டாம் உலகப்போருக்காகச் சென்னைக்கு வடக்கே போட்ட விமான ஓடுதளம். 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் ரேஸ் நடத்தியது. ஃபியட், அம்பாஸடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று ஆபீஸர்கள் ஆபீஸுக்குப் போகிற அதே கார்கள் பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டுச் சீறின. 1990-லிருந்து ரேஸ் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. ரேஸுக்கென்றே போட்ட ரோடு. ஒரு சுற்று 3.7 கி.மீ., பன்னிரண்டு திருப்பங்கள்.

கோயமுத்தூர்க்காரரான கரிவரதன், மாருதி 800 என்ஜினை வைத்து ஒற்றை சீட் ரேஸ் காரே செய்தார். ஃபார்முலா மாருதி. மிடில் கிளாஸ் குடும்பத்தைக் கோயிலுக்குக் கூட்டிப்போன என்ஜின் அங்கே ரேஸ் ஓடியது. 1995-ல் அவர் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான். அந்தக் குட்டிக் காரில் ஆரம்பித்த இன்னொரு கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் போய்ச் சேர்ந்தார், இந்தியாவிலிருந்து முதல் ஆள்.

தம்பி கதைக்கு வருகிறேன். டிராக்குக்குள் விடும் முன் காரைச் சோதித்தார்கள். ஆயில் ஒழுகுகிறதா, பெல்ட் பிடிக்கிறதா, டயர் எப்படி, ஹெல்மெட் எங்கே. காருக்குள் ஒட்டாத பொருள் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போனால் தீர்ந்தது கதை. டாஷ்போர்டில் இருந்த பிள்ளையாரையும் இறக்கச் சொல்லிவிட்டார்கள். நான் அவரை மடியில் வைத்துக்கொண்டேன். அப்புறம் வகுப்பு. மஞ்சள் கொடி காட்டினால் முன்னால் ஆபத்து, ஓவர்டேக் கூடாது. நீலக் கொடி என்றால் பின்னால் உன்னைவிட வேகமான ஆள் வருகிறார். சிவப்பு என்றால் ஓட்டம் நின்றது. எங்கள் ஊர் ரோட்டில் பறக்கிற கொடிகளுக்கு வேறு அர்த்தம்.

முதல் சுற்று முடிந்து தம்பி எங்களைத் தாண்டிப் போனபோது மெய்யாகவே சிலிர்த்தது. தோவாளையில் பூ மூட்டைக்குப் பின்னால் நடந்து வரப்போகிற அந்த போலோவா இது! நேர் ரோட்டின் முடிவில் முதல் திருப்பம். அதற்கு முன்னால் எல்லாரும் பிரேக்மேல் ஏறி நிற்கிறார்கள். முகம் தரையில் முட்டுகிற மாதிரி கார் குனிகிறது. திரும்புகிறது. டயர் அழுகிறது.

நான்காவது சுற்றோடு உள்ளே வந்துவிட்டார். தீய்ந்த வாடை. “அண்ணே, பிரேக் மிதிச்சா தலகாணிய மிதிக்க மாதிரி இருக்கு!”

நடந்தது இதுதான். ஊரில் ஒரு தடவை பிரேக் பிடித்தால் அடுத்த தடவைக்குள் அது ஆறிவிடும். டிராக்கில் நூற்றைம்பதிலிருந்து எழுபதுக்கு, நூற்றிருபதிலிருந்து அறுபதுக்கு என்று நிமிஷத்துக்கு நாலு தடவை. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் விழுங்க வேண்டிய சக்தி நாலு மடங்கு. அத்தனையும் சூடாகிறது. பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் மெத்தையாகிவிடும். என்ஜின் களைக்கவில்லை, 105 குதிரையும் ஜோராக இருந்தன. முட்டுக்கட்டை போடுகிற ஆள்தான் மயங்கி விழுந்துவிட்டான். ரேஸுக்கென்று தயார் செய்த கார்களில் முதலில் மாற்றுவது பிரேக் பேட், பிரேக் ஆயில், டயர். அப்புறம் உடம்புக்குள் இரும்புக் கூண்டு. என்ஜினைத் தொடுவதெல்லாம் பிற்பாடு.

நான் ஸ்டாப் வாட்ச் பிடித்திருந்தேன். தம்பியின் நல்ல சுற்று 2 நிமிடம் 25 செகண்ட். கணக்குப் போட்டால் சராசரி 92 கி.மீ. ‘அவ்வளவுதானா?’ என்றுதான் எனக்கும் தோன்றியது. எதிரே வண்டி இல்லை, மாடு இல்லை, ஹம்ப் இல்லை, உயிரைக் கொடுத்து ஓட்டியும் 92. டிராக்கில் வேகம் என்பது நேர் ரோட்டில் மிதிப்பதில்லை, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எங்கே பிரேக் பிடிக்கிறாய், எந்தக் கோட்டில் திரும்புகிறாய், எப்போது மறுபடி மிதிக்கிறாய் என்பதற்குத்தான் மார்க். எங்கள் பக்கத்துப் பையன்கள் நான்குவழிச் சாலையில் 160 தொட்டு எடுக்கிற வீடியோவுக்கு இருங்காட்டுக்கோட்டையில் பாஸ் மார்க் கிடைக்காது.

அங்கேயும் கார்கள் வழுக்குகின்றன. நாங்கள் இருந்த நாளிலேயே ஒரு கார் பம்பரம் மாதிரி சுற்றிச் சரளையில் போய் உட்கார்ந்தது. கொடி ஆடியது, ஆட்கள் ஓடினார்கள், டிரைவர் இறங்கிப் பேண்ட்டைத் தட்டிக்கொண்டார். 2025 ஜனவரியில் துபாயில் நடிகர் அஜித் பயிற்சியில் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்றதைப் பார்த்திருப்பீர்கள். இறங்கி நடந்து போனார். சில நாளில் நடந்த 24 மணி நேர ரேஸில் அவர் டீம் தன் பிரிவில் மூன்றாவது வந்தது. விசில் அடித்தோம், சரி. அவரை நடக்க வைத்தது கூண்டு, உடம்பைக் கட்டிப்போட்ட பெல்ட்டுகள், ஹெல்மெட், மோதினால் அடியை வாங்கிக்கொள்கிற தடுப்பு. இதில் ஒன்றுகூட நம் காரில் இல்லை, நம் ரோட்டில் இல்லை.

ஊர் ரோட்டையே ரேஸ் ரோடாக்க முடியாதா? முடியும். 2024-ல் சென்னையில் செய்தார்களே! தீவுத்திடலைச் சுற்றி, அண்ணா சாலை, சிவானந்தா சாலை, நேப்பியர் பாலம் எல்லாம் சேர்த்து 3.5 கி.மீ., 19 திருப்பங்கள். ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4. முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வந்து தள்ளிப் போனது. கடைசியில் ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 என்று வைத்தார்கள். அந்த முதல் நாளிலும், பாதுகாப்பு ஏற்பாட்டுக்கு எஃப்.ஐ.ஏ.வின் சான்று கைக்கு வரும்வரை ரேஸ் காரை விடவில்லை. ஜனங்கள் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றரை கி.மீ. ரோடு இரண்டு நாள் ஓடுவதற்கு அத்தனை கான்கிரீட் சுவர், அத்தனை வேலி, ஆம்புலன்ஸ், கோர்ட்டு வரை போய்வந்த வழக்கு. அதே நேப்பியர் பாலத்தில் மறுநாள் காலை நம் பஸ்காரர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

* * *

எங்கள் பக்கம் நடக்கிற ரேஸுக்குச் சான்று எதுவும் வேண்டாம். ராத்திரி பதினொன்றுக்கு மேல் நான்குவழிச் சாலை. இரண்டு கார், நாலு பைக், வீடியோ எடுக்க ஒருத்தன்.

அந்தக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். மணிக்கு நூறு கி.மீ. என்றால் ஒரு செகண்டுக்கு 28 மீட்டர். ஆபத்தைக் கண்டு, மூளை சொல்லி, கால் பிரேக்குக்குப் போக ஒரு செகண்ட். அதற்குள் இரண்டு பஸ் நீளம் போயாயிற்று. பிரேக் பிடித்தபின் காய்ந்த நல்ல ரோட்டில் இன்னும் ஐம்பது மீட்டர். மொத்தம் எண்பதுக்குக் கொஞ்சம் குறைவு. 140-ல் போனால் இது சுமார் 137 மீட்டர் ஆகிவிடும். டிம் லைட்டில் உருப்படியாகத் தெரிகிற தூரம் ஐம்பது அறுபது மீட்டர். அதாவது ரோட்டைக் கடக்கிற ஆளை நீங்கள் பார்க்கும்போதே முடிவு எழுதியாயிற்று. காரில் எத்தனை குதிரை இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

2022-ல் இந்தியாவில் ரோடு விபத்தில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் பத்துக்கு ஏழு அதிவேகத்தால். ரோட்டில் ரேஸ் விட்டால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் மூன்று மாதம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019-ல் திருத்துவதற்கு முன்னால் 500 ரூபாய்தான். ஐயாயிரம் என்பது அந்த நாலு சக்கரத்தில் ஒரு டயரின் விலை. யார் பயப்படுவான்?

பயப்பட வேண்டியது வேறு. எங்கள் மாவட்டத்தில் எந்த ஜங்ஷனில் நின்றாலும் ஒரு ஃப்ளெக்ஸ் கண்ணில் படும். ‘கண்ணீர் அஞ்சலி.’ இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன். கூலிங் கிளாஸ், சிரிப்பு. போட்டோவை உற்றுப் பாருங்கள், பல நேரம் ஒரு பைக்கிலோ காரிலோ சாய்ந்துகொண்டு நிற்பான். அந்த வண்டிதான். வீட்டில் வேறு நல்ல போட்டோ கிடைத்திருக்காது. வண்டி வாங்கின அன்றைக்கு எடுத்ததுதான் அவன் நன்றாகச் சிரித்த போட்டோ. கீழே பதினைந்து நண்பர்கள் படம், வட்ட வட்டமாக. மழையில் சாயம் போகிற வரைக்கும் அது அங்கேயே நிற்கும். அவன் அம்மா தினமும் பால் வாங்க அந்த வழியாகத்தான் போவாள். அவளும் அன்றைக்கு ஜன்னல் பக்கம் குனிந்து ‘பைய போ மக்களே’ என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பாள்.

எதற்காக? காவல்கிணற்றிலிருந்து நாகர்கோவில் சுமார் இருபது கி.மீ. அறுபதில் போனால் இருபது நிமிஷம். எண்பதில் போனால் பதினைந்து. மிச்சம் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை நாகர்கோவிலில் எங்கே கொண்டுபோய் டெபாசிட் செய்வது? வடசேரி சிக்னலில்தான்.

ஆசை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அந்த முதல் திருப்பத்தில் கார் குனிந்து திரும்பியதைப் பார்த்தவன் நான். எங்கள் பையன்களுக்குக் குறை ஒன்றுதான். நாகர்கோவிலிலிருந்து இருங்காட்டுக்கோட்டை சுமார் 700 கி.மீ., கோவை டிராக்குக்கும் 400-க்கு மேல். கிரிக்கெட் ஆட மைதானம் உண்டு, நீந்தக் குளம் உண்டு, மிதிக்கிற ஆசைக்குப் பக்கத்தில் இடம் இல்லை. கோ-கார்ட் ஓட்டுகிற அளவுக்கு ஒரு சின்னத் தடம் இந்தப் பக்கம் போட்டால்கூட ராத்திரி பதினொரு மணிக் கூட்டத்தில் பாதி அங்கே போகும் என்பது என் கணிப்பு. மாவட்டத்தில் அதற்கு நிலம் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். சதுர கி.மீ.க்கு 1,111 பேர் என்று நான்தானே சொன்னேன்.

போகிறவர்களுக்கு ஒரு காமர்ஸ் குறிப்பு. உங்கள் கார் இன்ஷூரன்ஸ் பாலிஸியைப் பிரித்து ‘உபயோக வரம்பு’ என்ற இடத்தைப் படியுங்கள். ரேஸுக்கும் வேகப் பரீட்சைக்கும் கவரேஜ் கிடையாது என்று இருக்கும். சுவரில் தேய்த்தால் சொந்தச் செலவு. தேய்ந்த டயர், தீய்ந்த பேட், கொதித்த ஆயில், போகவர 1,400 கி.மீ. பெட்ரோல், எல்லாம் கூட்டினால் மாதச் சம்பளத்தில் ஒரு கை குறையும்.

தம்பி இந்தக் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அடுத்த வாரம் போன் வந்தது. பிரேக் பேட் இரண்டு செட் வாங்கிவிட்டாராம், ஊருக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று. மழைக்காலம் முடிந்ததும் கிளம்புகிறாராம். எனக்கு அதே சுவரோரம், அதே ஸ்டாப் வாட்ச்.

“அண்ணே, பிள்ளையாரப் பிடிக்க ஒரு ஆளு வேணும்லா? கண்டிப்பா வரணும், கேட்டியளா!”